ராத்திரி பெங்களூரில் இறங்கினால் அப்படியே தர்மபுரி கிளம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சிங்கப்பூர் சுற்றுலா முடிந்து, வயதான அப்பா அம்மாவோடு ராத்திரி பத்து மணி வாக்கில் பெங்களூரில் இறங்குகிறீர்கள். ஊரிலிருந்து காரை வரச் சொல்லி அப்படியே தர்மபுரி வந்துவிடலாமா, வேறு வழி இருக்கிறதா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு ராத்திரி ஏர்போர்ட் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்துப் படுங்கள். காலையில் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஊர் வந்து சேருங்கள். ரூம் வாடகை வீண் செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பதிலை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில், வெளிநாடு போகிற பயணத்தை மாதக்கணக்கில் யோசிக்கிறோம். எந்த ஓட்டல், எந்த நாள் எந்த இடம், சிம் கார்டு, கையில் எவ்வளவு டாலர் என்று எல்லாம் பேசி வைக்கிறோம். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. "பெங்களூர்ல இறங்கிட்டா வீட்டுக்கு வந்த மாதிரிதான்" என்று விட்டுவிடுகிறோம். பெங்களூரிலேயே குடியிருப்பவருக்கு அது சரி. நமக்கு அப்படி இல்லை. தேவனஹள்ளி ஏர்போர்ட் அந்த ஊருக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கே இருக்கிறோம். ஹெப்பால், சில்க் போர்டு என்று ஊரைக் குறுக்கே கடந்து, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் எல்லாம் தாண்டி வர வேண்டும். தர்மபுரிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு அதில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போலக் குறையும், அவ்வளவுதான்.

இப்போது நேரத்தைக் கணக்குப் போடுங்கள். சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இறங்கும்போது இங்கே பத்து என்றால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. ஓட்டலில் பகல் பன்னிரண்டு மணிக்குள் ரூமைக் காலி செய்திருப்பீர்கள். அதற்கப்புறம் கடைசி நேரத்துக் கடைவீதி, சாங்கி ஏர்போர்ட்டில் காத்திருப்பு, நாலரை மணி நேரம் விமானம். அதோடு இங்கே இமிகிரேஷன் வரிசை, பெட்டி வரும் வரை பெல்ட் ஓரத்தில் நிற்பது என்று எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பதினொன்றரைக்கு வண்டி ஏறினால் வீடு சேர மூன்று மணி. அப்பா அம்மாவுக்கு அது விடிகாலை ஐந்தரை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களை இப்படி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்த்தி வைப்பது நியாயமே இல்லை.

அவர்களைக்கூட விடுங்கள், பின் சீட்டில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். வண்டி ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். பெங்களூரின் சாயங்கால டிராபிக்குக்குப் பயந்து ஐந்து மணிக்கே தர்மபுரியை விட்டுக் கிளம்பியிருப்பார். அன்றைக்குப் பகலில் வழக்கமான வேலை பார்த்திருப்பார். ஏர்போர்ட் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண் மூடியிருந்தால் அதுவே பெரிது. ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை மனித உடம்பு தூக்கத்துக்கென்றே வைத்திருக்கிற நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் அவர் சூளகிரி தாண்டி இறக்கத்தில் வருவார்.

இதை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எங்களை அழைத்துப் போக வந்தது பெரியப்பா மகன். நன்றாக ஓட்டுகிறவன், குடிப்பழக்கம் கிடையாது. ஓசூர் வரைக்கும் சிங்கப்பூர் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். அப்புறம் பேச்சு குறைந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டான். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். பிடரியைத் தேய்த்துக்கொண்டான். நான் ஏதாவது கேட்டால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வந்தது. பின்னாலிருந்து அம்மா, "ஏன் கண்ணு, எங்கயாவது நிறுத்து, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார். "ஒண்ணும் இல்லைங்க சித்தி, இதோ கிருஷ்ணகிரி வந்துடுச்சு" என்றான். கிருஷ்ணகிரி வரவில்லை, சூளகிரிதான் தாண்டியிருந்தோம். கொஞ்ச தூரத்தில் சக்கரத்துக்கு அடியில் தடதடவென்று சத்தம். வண்டி இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அதே ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றது. நான் கத்தினேன், அவன் ஒடித்தான், தப்பித்தோம். அடுத்த டீக்கடையில் நிறுத்தி, அவனைக் காரிலேயே படுக்க வைத்து, விடிந்த பிறகுதான் கிளம்பினோம். அம்மா அந்தக் கடை பெஞ்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் பேச வாய் வரவில்லை.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதாவது நம் பழைய 7, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது. வடக்கே இருந்து தெற்கே போகும் சரக்கு லாரிகளில் பெரும்பகுதி ராத்திரியில்தான் இதில் ஓடுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. அந்த உயரத்தை இறங்கித்தான் நாம் ஊருக்கு வருகிறோம். மேலுமலை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் ஒரு பக்கம் ஊர்ந்து போகும், ஆம்னி பஸ்கள் மறுபக்கம் பறக்கும். மார்கழி, தை என்றால் ஓசூர் பக்கம் பனிமூட்டம் வேறு. ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு வரும் 844ஆம் எண் நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாகிவிட்டதே, கிருஷ்ணகிரி போகாமல் அதில் வந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். பகலில் அருமையான வழி, நானும் அதில்தான் வருவேன். ஆனால் நடுராத்திரியில் கண் சொக்கினால் ஒதுங்கி டீ குடிக்க அங்கே கடைகள் குறைவு.

சரி, காலையில் எப்படி வருவது? ஏர்போர்ட்டை ஒட்டி, தேவனஹள்ளி, சாதஹள்ளி பக்கமெல்லாம் நடுத்தர வாடகையில் ரூம்கள் இருக்கின்றன. ராத்திரி பதினொன்றரைக்கு வருவோம் என்று முன்னாலேயே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், சில இடங்களில் ஆள் தூங்கிவிடுவார்.

அப்பா அம்மாவுக்கு என் முதல் யோசனை ரயில். கோவை வந்தே பாரத், 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கியது, பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பி ஓசூரிலும் தர்மபுரியிலும் நிற்கிறது. ரூமில் நன்றாகத் தூங்கி, மதியம் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தர்மபுரியில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். பாலக்கோடு தாண்டியதுமே பெட்டிகளைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சீக்கிரம் போகத்தான் வேண்டும் என்றால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் எர்ணாகுளம் இன்டர்சிட்டியும் ஓசூர், தர்மபுரி வழியாகத்தான் போகிறது. ஆனால் அதைப் பிடிக்க நாலு மணிக்கே எழ வேண்டும், பெரியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் இல்லாததால் அங்கே இருப்பவர்கள் ஓசூரில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிப்பது வசதி.

பெட்டி குறைவு, எல்லோரும் திடமானவர்கள் என்றால் பஸ்ஸே போதும். ஏர்போர்ட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் வாயு வஜ்ரா ஏசி பஸ் சில்க் போர்டு வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கி நின்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பஸ்கள் வரும். உங்கள் பெற்றோருக்கு இது ஒத்துவராது. பெரிய சூட்கேஸோடு சில்க் போர்டில் பஸ் ஏறுவது இளவட்டங்களுக்கே சிரமம்.

வீல்சேர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே, இல்லையென்றால் இரண்டு நாள் முன்னாலாவது விமான நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள். பெங்களூரில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது டெர்மினலுக்கு மாறிவிட்டன. மூங்கிலும் செடிகொடிகளுமாக அழகான கட்டடம், ஆனால் நடை அதிகம். வீல்சேர் தள்ளுகிறவர் விமான வாசலிலேயே வந்து அழைத்துக்கொண்டு, இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடித்து வெளி வாசல் வரை கொண்டுவந்து விடுவார். நிறையப் பெரியவர்கள் "நான் என்ன நோயாளியா" என்று கூச்சப்படுகிறார்கள். என் அம்மாவும் கூச்சப்பட்டார். "இதுக்கு நாம காசு குடுத்துத்தாம்மா வர்றோம், உக்காருங்க" என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். யாராவது உங்களை அழைக்க வருவதாக இருந்தால் இரண்டாவது டெர்மினல் என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் டெர்மினல் வாசலில் நின்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இன்சுலினையோ மாத்திரையையோ எப்போது எடுப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட் எல்லாம் பெட்டியில் வரட்டும். அங்கே தெரிந்தவர், தெரியாதவர் யாராவது "இந்தச் செயினைக் கழுத்தில போட்டுட்டுப் போங்க, வெளியே நம்ம ஆளு வாங்கிக்குவாரு" என்று கேட்டால், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நம் அப்பா அம்மா இரக்கப்பட்டு வாங்கிக்கொள்வார்கள். கஸ்டம்ஸில் பிடித்தால் குருவி, அதாவது கடத்தல் சாமான் கொண்டுவருகிற ஆள் என்றுதான் பார்ப்பார்கள், வயசெல்லாம் கணக்கில் வராது. இதைக் கிளம்பும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

ரூம் எடுக்கவே முடியாத சூழ்நிலையும் வரும். ஊரில் ஒரு சாவு, மறுநாள் காலை நிச்சயதார்த்தம் என்று இருந்தால் வந்துதான் ஆக வேண்டும். அப்போது சொந்தக்காரரைக் கூப்பிடாதீர்கள். ராத்திரி ஓட்டிப் பழகிய டிரைவரை வாடகைக்கு வையுங்கள், பகலில் தூங்கினாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இதில் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. முன் சீட்டில் விழித்திருக்கக் கூடியவர் ஒருவர் உட்கார வேண்டும். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். ஓசூரில் கட்டாயம் நிறுத்துங்கள், டிரைவர் கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள். டீ மட்டும் போதாது, இருபது நிமிடம் அவர் கண் மூடட்டும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதைக் கிளம்பும்போதே பார்த்துவிட்டால் டோல் கேட்டில் நடுராத்திரி வாக்குவாதம் மிச்சம்.

டிக்கெட்டை இன்னும் மாற்ற முடியும் என்றால், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். காலையிலோ மதியத்துக்கு முன்போ பெங்களூரில் இறங்கும் விமானம் சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் நமக்கு அதுதான் லாபம், ரூம் வாடகையும் மிச்சமாகும். சென்னையில் பகலில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து மொரப்பூரில் நிற்கும் கோவை, ஈரோடு பக்கத்து ரயில் ஒன்றைப் பிடிப்பதும் தர்மபுரிக்காரர்களுக்கு நல்ல வழிதான். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்கு வெளிநாட்டு விமானம் கிடையாது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

டிக்கெட் மாற்ற முடியாது, ஊரிலிருந்து கார் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை. இன்றைக்கே அவருக்கு ஒரு போன் போட்டு, ராத்திரி ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், மறுநாள் பகல் பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். அவரும் வீட்டில் தூங்கி எழுந்து, காலையில் ஆறரை மணிக்கு மேல் கிளம்பி வரலாம்.