மொய் நோட்டில் ஏறாத பணம்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 28. சொந்த ஊர் திருவிடைமருதூர் பக்கம், வேலை தஞ்சாவூரில். கைக்கு வருவது மாதம் 42,000 ரூபாய். ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்யும் ஓர் அறக்கட்டளைக்காக வரும் மாசியில் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை இரண்டு நாள் சைக்கிள் பயணம் போகிறோம். ஒவ்வொருவரும் குறைந்தது 75,000 ரூபாய் திரட்ட வேண்டும், குறைந்தால் மீதியை நாமே கட்டுவோம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். என் ஜிபே எண்ணை வாட்ஸப்பில் போட்டு வாங்கலாம் என்று இருந்தேன். அப்பா தடுக்கிறார். "போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு வந்த மொய்யையே இன்னும் திருப்பிச் செய்து முடிக்கவில்லை, அதற்குள் மறுபடி கை நீட்டுவதா" என்கிறார். பணம் குறைந்தால் நகையை வைத்துக் கட்டலாமா? வரிப் பிரச்சினை வருமா? சிங்கப்பூர் சித்தியிடம் வாங்கலாமா?

பதில்: முதலில் உங்கள் அப்பாவின் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். அவர் பயம் நியாயமானது. நம் பக்கத்தில் ஒருவர் கொடுத்த பணம் சும்மா போவதில்லை. நோட்டில் ஏறும், ஒரு நாள் திரும்பியாக வேண்டும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைத்தே லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது வாங்குபவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். அது வட்டியில்லாக் கடன் மாதிரி ஓர் ஏற்பாடு, அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் திரட்டப் போவது அந்த வகைப் பணம் இல்லை. அது யாரோ ஒரு நோயாளியின் பணம். அது உங்கள் வீட்டு மொய்யோடு கலந்துவிட்டால் கொடுத்தவருக்குக் கணக்கு குழம்பும், வாங்கிய உங்கள் அப்பாவுக்குக் கடன் ஏறும். கலக்காமல் பார்த்துக்கொண்டால் அப்பாவின் மறுப்பில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஜிபே எண் வேண்டாம் என்பதும் இதனால்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த வாரம், வேதாரண்யம் பக்கம் தார்ப்பாயும் அரிசியும் வாங்கித் தர நானும் நண்பர்களிடம் கேட்டேன். அவசரத்தில் என் சொந்தச் சேமிப்புக் கணக்கு எண்ணையே கொடுத்துவிட்டேன். பத்து நாளில் என் சம்பளம், வீட்டுக் கடன் தவணை, புயல் பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்துவிட்டன. எது யாருடையது என்று பிரித்து எழுத மூன்று இரவு ஆனது. பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா மகன், பத்துப் பேர் கேட்கும்படி, "அந்த ஐயாயிரம் என்னடா ஆச்சு" என்றார். காட்ட என்னிடம் ரசீது இல்லை. அன்றைக்கு இலையில் வைத்த சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பொதுப் பணத்தை என் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை.

வரியிலும் இதே சிக்கல்தான். கைம்மாறு எதுவும் இல்லாமல் ஒரு நிதியாண்டில் உங்களுக்கு வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். நெருங்கிய உறவினர் தருவதற்கு விலக்கு உண்டு. ஆனால் வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவும் நாம் சொல்லும் உறவும் ஒன்றல்ல. அம்மா, அப்பா, அவர்களோடு பிறந்தவர்கள், உங்களோடு பிறந்தவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் இல்லை. மாமா உறவினர், மாமா பெண் இல்லை. அலுவலகத் தோழிகள், கல்லூரி நண்பர்கள் யாரும் இல்லை. உங்கள் கல்யாணத்தில் உங்களுக்கு வரும் மொய்க்கு வரி கிடையாது, சைக்கிள் பயணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. "இது என் பணமில்லை, வாங்கி அப்படியே அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டேன்" என்று விளக்கலாம்தான். அதை ஆதாரத்தோடு நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். எதற்கு அந்த வேலை?

அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கோ அதன் க்யூஆர் குறியீட்டுக்கோ கொடுப்பவர் நேராக அனுப்பட்டும். குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரையோ பயண எண்ணையோ போடச் சொல்லுங்கள், உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ரசீது கொடுத்தவர் பெயரிலேயே வர வேண்டும். உங்கள் வழியாகப் போனால் ரசீது உங்கள் பெயரில் வந்துவிடும், அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ரொக்கமாகத்தான் தருவேன் என்று நிற்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு போய், வாங்கிய அன்றே கட்டிவிடுங்கள்.

வரிச் சலுகையைச் சொல்லிக் கேட்கலாமா என்றால், அதை முன்னால் வைக்காதீர்கள். அறக்கட்டளைக்கு 80ஜி என்று பரவலாகச் சொல்லப்படும் வரிக் கழிவுப் பதிவு நடப்பில் இருந்தால் கொடுப்பவருக்குக் கழிவு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 20 சதவீத அடுக்கில் இருப்பவர் 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 கழிந்து, செஸ்ஸையும் சேர்த்து 1,040 ரூபாய் வரி மிச்சமாகும். பத்தாயிரமும் திரும்பி வரும் என்று நினைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பிறகு நம் மேல் வருத்தப்படுவார்கள். உங்களைச் சுற்றி இருக்கும் சம்பளக்காரர்களில் பலர் இப்போது புதிய வரிமுறையில் இருப்பார்கள், அவர்களுக்கு இது கிடையவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களிடம் மட்டும் பான் எண் வாங்கிக்கொடுங்கள். வருமான வரித் துறைத் தளத்திலிருந்து எடுக்கும் நன்கொடைச் சான்றிதழை அறக்கட்டளை தர வேண்டும். தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். இது புதிய வழக்கம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980 முதல் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற சைக்கிள் பயணத்திலும், ஒப்புக்கொண்ட தொகை வராவிட்டால் மீதியை ஓட்டுபவரின் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணத்திலும் நிறுவனங்கள் தரும் பணத்திலும் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதைக் கேளுங்கள். 75,000 ரூபாயில் டி-ஷர்ட், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் அடங்குமா, அல்லது அது தனியா? அடங்கும் என்றால் உங்கள் பங்குச் செலவை உங்கள் கையிலிருந்து தனியாகக் கட்டிவிடுங்கள். உங்கள் அத்தை கொடுக்கும் 500 ரூபாய் டயாலிசிஸுக்குப் போகிறது என்று நீங்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் கேட்கப் போகிறவர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் எவ்வளவு தருவார்கள் என்று பக்கத்தில் போடுங்கள். கூட்டி, அதில் பாதியை மட்டும் நம்புங்கள். உங்களால் தாங்கக்கூடிய சொந்தப் பங்கு 20,000 ரூபாய் என்று நான் நினைக்கிறேன், கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். இப்போது புரட்டாசி. இந்த மாதத்திலிருந்தே மாதம் 4,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால் மாசிக்குள் அந்த இருபதாயிரம் சேர்ந்துவிடும். ஆக, நம்பும் பாதி 55,000 வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் அறக்கட்டளையிடம் போய், "என்னால் 40,000 முடியும், அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல அறக்கட்டளை ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஓட்டாமல் தொண்டராகப் போய்த் தண்ணீர்ப் பந்தலில் நில்லுங்கள், அதுவும் உதவிதான். நகையைத் தொடாதீர்கள். தனிநபர் கடனும் வேண்டாம். தானத்துக்காக வட்டி கட்ட ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் அந்தத் தானத்தின் மேலேயே கசப்பு வந்துவிடும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். குழுவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் கும்பிடும் கைகள்தான் பதிலாக வரும். ஒவ்வொருவராகப் பேசுங்கள், உறவுக்காரர்கள் என்றால் நேரில் போங்கள். பட்டியலின் முதல் வரியில் உங்கள் பெயரும் நீங்கள் தரும் தொகையும் இருக்கட்டும். உங்கள் அப்பா இன்னும் மொய் திருப்ப வேண்டிய வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர்களாக முன்வந்து கொடுத்தால் வேறு விஷயம். உங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவர்களிடம் கேட்கவே கூடாது. அவர்களால் வேலை தரும் வீட்டுப் பெண்ணான உங்களிடம் "இல்லை" என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாதவரிடம் வாங்குவது வசூல் ஆகிவிடும்.

விவசாயம் செய்யும் உறவினர்களை இப்போது நெருங்காதீர்கள். குறுவை அறுத்த பணம் வந்த வேகத்தில் சம்பா நடவுக்கும் உரத்துக்கும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் பயிர் தண்ணீரில் நிற்குமா என்ற பயத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வங்கியில் ஏறிய பிறகு போங்கள். சம்பளக்காரர்களிடம் மாதத்தின் முதல் வாரம்.

கேட்கும்போது 75,000 ரூபாய் என்ற பெரிய எண்ணைச் சொல்லாதீர்கள். ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய உங்கள் அறக்கட்டளைக்கு என்ன செலவாகிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அதையே சொல்லுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல அந்த இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க. சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் செலவு இருக்கிறது, துணைக்கு வருபவரின் அன்றைய கூலி போகிறது. "ஒருவருடைய ஒரு நாளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றால் கேட்பவர் மனசில் அந்த மனிதர் நிற்பார்.

சிங்கப்பூர் சித்தி விஷயத்தில் அவர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்தான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அறக்கட்டளைக்குத் தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணமும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இல்லையென்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "உனக்கு அனுப்புகிறேன், நீ உன் பெயரில் கட்டிவிடு" என்று சித்தி சொல்லக்கூடும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், மாட்டிக்கொள்வது அறக்கட்டளைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது அறக்கட்டளையின் க்யூஆர் அட்டையையும் ஒரு மாதிரி ரசீதையும் எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டுங்கள். பணம் உங்கள் வீட்டு வாசலைத் தொடாமல் போகிறது, யாருக்கும் அவர் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். மொய் வீடுகளை நீக்கிய பட்டியலையும் அவர் கையில் கொடுங்கள், விட்டுப்போன பெயர் இருந்தால் அவரே அடித்துவிடுவார். அவருக்குச் சம்மதம் என்றால் அவர் பெயரில் 101 ரூபாய்க்கு ஒரு ரசீது போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு மற்றவர்களிடம் போங்கள்.