ஒருக்களித்து

அன்புள்ள ஐயா,

போன வாரம் புதுச்சேரிக் கூட்டத்தில், மாஸ்கோ தியேட்டர் பணயக்கைதிகளை 'மீட்ட பிறகு செத்தவர்கள்' என்றீர்கள். எனக்கு அது உறுத்தியது. இடுப்பில் குண்டு கட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் வேறென்ன செய்ய முடியும்? 800 பேருக்கு மேல் சிக்கிய இடத்தில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது வெற்றிதானே?

ஆர்., நெல்லிக்குப்பம்

அன்புள்ள ஆர்.,

ரஷ்யப் படையினர் தியேட்டருக்குள் மயக்க வாயுவை விட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2002 அக்டோபர் 23 இரவு, இசைநாடகத்தின் இரண்டாம் பாதியில் செச்சென் ஆயுததாரிகள் மேடையேறியபோது, அதுவும் ஒரு காட்சி என்றே பலர் நினைத்தார்களாம். 26ஆம் தேதி விடியற்காலை காற்றுக்குழாய் வழியாக மயக்க வாயு போனது. ஆயுததாரிகள் சுமார் 40 பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மயங்கிக் கிடந்தவர்களையும் படையினர் சுட்டார்கள், அது தனிக் கதை. அதுவரை உங்கள் கணக்கு சரி.

நான் பேசியது அப்புறம் நடந்ததை. மயங்கியவர்களைத் தூக்கிவந்து வாசலில் மல்லாக்கப் போட்டார்கள். நாக்கு உள்ளே சரிந்தும் வாந்தி அடைத்தும் மூச்சு நின்றவர்கள் பலர். டவுன் பஸ்ஸிலும் அள்ளிப்போட்டுக் கொண்டுபோனார்கள். அரசுக் கணக்கில் இறந்த பணயக்கைதிகள் 130 பேர்; அதில் ஆயுததாரிகள் சுட்டு இறந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். என்ன மருந்து என்று சிகிச்சை தந்த டாக்டர்களுக்கே சொல்லவில்லை. ஃபெண்டனில் என்ற கடும் வலிநிவாரணியின் வகை என்று ரஷ்ய சுகாதார அமைச்சர் வாய் திறக்க நாலு நாள் ஆனது. அதை முறிக்க நலாக்சோன் என்று ஓர் ஊசி இருக்கிறது. பெயரைச் சொன்னால்தானே போட முடியும்? 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வாயுவைக் குற்றம் சொல்லவில்லை. மீட்புக்குப் போட்ட திட்டத்தையும் தராத சிகிச்சையையும்தான் சொன்னது.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் சனிக்கிழமை ராத்திரியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அங்கே குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒருவரை நேராகப் படுக்கவைக்கப் போனேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கையில் நாரோடு எழுந்து வந்தார். "மல்லாக்கப் போடாதப்பா, வாந்தி எடுத்தா மூச்சடைச்சிடும். ஒருக்களிச்சுப் படுக்க வை" என்று அவரே தோளைப் பிடித்துப் புரட்டினார். முழங்காலை மடக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் விட்ட இடத்திலிருந்து சரத்தைக் கட்ட ஆரம்பித்தார்.