பழவேற்காட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் முன்

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள். வாரக் கடைசியில் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க ஆட்களை அழைத்துப்போகும் தொழில் தொடங்கப் பார்க்கிறோம். ஏரிக்கும் ஊருக்கும் கெடுதல் இல்லாமல் நடத்துவது எப்படி? - வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதலில் படகை மறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்ள ஆள் கிடைக்கும், நீங்கள் ஏற்றாதீர்கள். கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறையிடம் எங்கே நிற்கலாம் என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். விடிகாலை 4.30-க்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது கரையில் இருக்கலாம். 9.30-க்கு மேல் கானல் எழும்பி, தொலைநோக்கியில் பறவை நடுங்குவதுபோலத் தெரியும். இரண்டு பேருக்கு ஒரு 8x42 பைனாகுலர், குழுவுக்கு ஒரு முக்காலித் தொலைநோக்கி போதும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? அதைப் பூநாரையே சொல்லிவிடும். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து அலகை அலசிக்கொண்டிருந்தால் நிம்மதியாக மேய்கிறது. கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கூட்டமே ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள். பறக்கும் படத்துக்காகக் கை தட்டுகிறவரை அடுத்த முறை அழைக்காதீர்கள். வீணாகப் பறக்க வைத்தால் பூநாரைக்கு மேயும் நேரமும் உடம்பில் சேர்த்த கொழுப்பும் வீணாகின்றன.

இனி கணக்கு. 10 பேர், தலைக்கு 1,200 என்றால் 12,000 ரூபாய். வேன் 5,500, மீனவர் வீட்டுச் சாப்பாடு தலைக்கு 250 வீதம் 2,500, உள்ளூர் வழிகாட்டிக்கு 1,000, பனையோலைப் பின்னல் காட்டும் பெண்களுக்கு 800, ஊர் நிதிக்கு வசூலில் பத்தில் ஒரு பங்காக 1,200. உங்களுக்கு மிஞ்சுவது 1,000. எட்டுப் பேர்தான் வந்தால் ஊர் நிதி 960 ஆகும். கையிலிருந்து 660 போகும். அப்போது எல்லோரும் முதலில் வெட்டுவது வழிகாட்டியின் கூலியைத்தான். ஊர் உங்களை நம்பாமல் போவது அங்கேதான் தொடங்கும். வேனைச் சிறிதாக்குங்கள், கூலியைத் தொடாதீர்கள். ஊர் நிதியை லாபம் வந்தால் தருகிறேன் என்று சொல்லாமல், அன்றன்றே ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டி ரசீது வாங்குங்கள்.

சாப்பாட்டில் சினை நண்டு கேட்பார்கள். சமைப்பவரிடம் முன்பே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். டச்சுக் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூண்களைக் காட்டலாம். கல்லறைகள் மேல் ஏறி நின்று படம் எடுக்க விடாதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஓலைப் பெட்டியை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வையுங்கள். பேரம் பேசிக் குறைப்பது உங்கள் வேலை இல்லை.

கேள்வி: எண்ணூர் கழிமுகத்திலும் இப்படி நடத்தலாமா? - அதே வாசகர்

பதில்: உல்லாசப் பயணமாக வேண்டாம். பள்ளி மாணவர்களுக்குக் கற்றல் நடையாகச் செய்யுங்கள், மீனவர் ஒருவரே பேசட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையாத்தி மரங்களின் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேரில் ஒட்டியது. அந்த வேர் வழியாகத்தான் மரம் காற்று வாங்குகிறது, எண்ணெய் அடைத்தால் மூச்சு முட்டும். மிதித்தாலும் ஒடியும். ஆகவே சேற்றில் இறங்காமல், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, கரை மேட்டிலிருந்து காட்டுங்கள்.