ஐந்து பழத்துக்கு ஒரு சாக்லேட்

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இடைவேளையில் சாப்பிடப் பழமோ காய்கறியோ கொண்டுவரும் குழந்தையின் பெயருக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டுகிறேன். சிப்ஸ், கிரீம் பிஸ்கட் கொண்டுவருபவர்களை எழுந்து நிற்கச் சொல்லி விசாரிக்கிறேன். அதிக நட்சத்திரம் பெறுபவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு சாக்லேட். ஆறு மாதமாகியும் மாற்றமில்லை. பெற்றோரின் அலட்சியம்தானே காரணம்?

பதில்: பெற்றோரைப் பிறகு விசாரிப்போம், முதலில் உங்கள் பரிசை விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் பழம் தின்றதற்குக் கூலியாக ஆறாவது பண்டமாகச் சாக்லேட்டைத் தருகிறீர்கள். பழம் என்பது எப்படியாவது முடித்துத் தொலைக்க வேண்டிய வேலை, சாக்லேட்தான் அதற்குக் கிடைக்கும் பலன் என்பதைக் குழந்தைகள் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லியான் பர்ச் தம் குழுவினருடன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லிக் குடிக்கவைக்கப்பட்ட சிறு குழந்தைகளுக்கு, நாளடைவில் அந்தப் பானத்தின் மீதே விருப்பம் குறைந்தது. பிடிக்காத காய்கறியைத் துணிந்து சுவைத்துப் பார்த்ததற்காக ஒரு ஸ்டிக்கர் தருவதால் பயன் உண்டு என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே நட்சத்திரத்தையே குறை சொல்ல மாட்டேன். ஆனால், நீங்கள் நட்சத்திரம் ஒட்டுவது சுவைத்ததற்கு அன்று, கொண்டுவந்ததற்கு.

கொண்டுவருவதோ குழந்தையின் கையில் இல்லை. அவசரமான காலை நேரத்தில், பழத்தைக் கழுவி நறுக்கி அது கறுக்காமல் மூடி அனுப்புவதற்கும், பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பையில் போடுவதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாததல்ல. கையில் காசு குறைந்த வீட்டில், தின்னாமல் திரும்பி வரும் பழம் ஒரு நட்டம். பிஸ்கட் திரும்பி வருவதில்லை. வீட்டார் செய்த இந்தக் கணக்குக்காக ஆறு வயதுக் குழந்தையை நாற்பது பேர் பார்க்க நிற்கவைப்பது எந்த நியாயத்தில் சேரும்? அந்தக் குழந்தை அன்று கற்றுக்கொள்வது டப்பாவை மேசைக்கடியில் வைத்துத் திறக்கும் வித்தையைத்தான்.

டப்பாச் சோதனையை நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டு நாளாவது எல்லோருக்கும் பொதுவான ஒரு தட்டை வையுங்கள். பழமும் காயும் நறுக்கியே இருக்கட்டும். முன்பல் ஆடுகிற வயதில் முழு ஆப்பிளைக் கடிக்க முடியாததைப் பிடிக்கவில்லை என்று நாம் தவறாகப் படித்துவிடுகிறோம். பழக்கமில்லாத சுவை ஒன்று குழந்தைக்குப் பிடிபட எட்டிலிருந்து பதினைந்து முறை வரைகூட அதைச் சுவைக்க வேண்டியிருக்கலாம் என்பதால், மூன்றாம் முறை முகம் சுளித்ததும் தட்டை எடுத்துவிடாதீர்கள், வற்புறுத்தவும் செய்யாதீர்கள். கொட்டைப் பருப்புகளை வைக்குமுன் ஒவ்வாமை யாருக்கு உண்டு என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

பழச்சாறு டப்பாவுக்கு நட்சத்திரம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் எடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல், நாளொன்றுக்கான ஆற்றலில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று வரையறுத்த சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரை சேரும், முழுப் பழத்தின் சர்க்கரை சேராது. சரியான விடைக்கு மிட்டாய் தரும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதையும் கைவிடச் செய்யுங்கள். இனிப்பு பட்ட பல்லின் மேல் உண்டாகும் அமிலம் தணிய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பாடவேளைக்கு ஒரு மிட்டாய் என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை.

இனி பெற்றோர். தடைப் பட்டியல் அனுப்புவதைவிட, "இன்று தட்டிலிருந்த வெள்ளரிக்காயை உங்கள் மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் நாற்பது குழந்தைகளின் டப்பாக்களைப் பற்றியும் விவரம் இருக்கிறது; இடைவேளையில் அவர்கள் கண்முன்னே நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.