மனிதன் தீயவன் என்று ஹாப்ஸும் நல்லவன் என்று லாக்கும் நம்பியதால்தான் அவர்களுடைய அரசுக் கொள்கைகள் வேறுபட்டனவா?

இல்லை என்பதே என் பதில். தேர்வுக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லித்தருகின்றன. ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதிகளான தாமஸ் ஹாப்ஸின் ‘லெவயதன்’, ஜான் லாக்கின் ‘அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை’ ஆகிய இரண்டையும் நிதானமாகப் படிக்கும் எவருக்கும், இருவரும் மனிதனைப் பற்றிச் சொல்வதில் பாதிக்குமேல் ஒத்துப்போவது புலப்படும்.

1651இல் வெளியான லெவயதனின் 13ஆம் அத்தியாயத்தில், மனிதரின் ஆசைகளும் வேட்கைகளும் தம்மளவில் பாவமல்ல என்று ஹாப்ஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். மனிதர்கள் ஏறக்குறைய சமமானவர்கள், மிக வலியவனையும் மெலியவன் சூழ்ச்சியால் கொன்றுவிட முடியும், ஆகவே தீய எண்ணம் இல்லாதவன்கூட அடுத்தவன் முந்திக்கொள்வானோ என்று அஞ்சித் தானே முந்தத் தலைப்படுவான் என்பதுதான் அவருடைய வாதம். இதை ஐயுறுவோரிடம் அவர் அன்றாட வாழ்க்கையையே காட்டுகிறார். பயணம் போகும்போது ஆயுதமும் தக்க துணையும் தேடுகிறவன், இரவில் கதவைத் தாழிடுகிறவன், வீட்டுக்குள்ளேயே பெட்டிகளைப் பூட்டி வைக்கிறவன், சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படிச் செய்கிறான் என்றால், அயலாரையும் தன் பிள்ளைகளையும் வேலையாட்களையும் பற்றி அவன் என்ன எண்ணுகிறான் என்று கேட்கிறார். இங்கிலாந்தில் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரும் 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதும் பாரிஸில் தஞ்சம் புகுந்திருந்த அவருக்குத் தொலைவிலிருந்தே தெரிந்த காட்சிகள். அரசு இல்லாமற்போவதைவிடக் கொடியது எதுவுமில்லை என்ற முடிவுக்கு அவர் வந்ததிலும், முற்றதிகாரம் கொண்ட ஆட்சியாளரிடம், அதாவது இறையாண்மையாளரிடம், அனைவரும் பணிய வேண்டும் என்றதிலும் வியப்பில்லை.

லாக்கும் மனிதனை வெகுளியாக நம்பியவர் அல்லர். அரசே இல்லாத ‘இயற்கை நிலை’யில் ஒவ்வொருவனும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருப்பதால் தன்னலமும் பழியுணர்ச்சியும் தீர்ப்பைக் கெடுத்துவிடும் என்பதை அவரும் ஏற்கிறார். அனைவரும் அறிந்த சட்டம், நடுநிலையான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் ஆகிய மூன்றும் அங்கே இல்லாததால்தான் மக்கள் அரசை அமைக்கிறார்கள். அவர் ஹாப்ஸின் வழியிலிருந்து விலகுவது இதற்கு அடுத்த அடியில்தான். மனிதனைத் தன் வழக்குக்குத் தானே தீர்ப்பளிக்க விடக்கூடாது என்றால், மன்னனும் மனிதன்தானே? மரநாய்க்கும் நரிக்கும் அஞ்சிப் பாதுகாப்புத் தேடியவர்கள் சிங்கத்துக்கு இரையாவதைப் பாதுகாப்பு என்று கருதும் அளவுக்கு மூடர்களா என்று அவர் கேட்கும் இடம், முற்றதிகாரத்துக்கு எதிராக நான் படித்தவற்றுள் மிகக் கூர்மையானது. ஹாப்ஸின் வாதத்தை அதன் இறுதிவரை கொண்டு சென்றால், அதுவே அவருடைய இறையாண்மையாளருக்கு எதிராகத் திரும்புகிறது.

இயற்கை உரிமையைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் ஆழமானது. ஹாப்ஸின் உரிமை, உயிர்காக்க எதையும் செய்துகொள்ளும் சுதந்திரம் மட்டுமே. அதை மதிக்கும் கடமை பிறருக்கு இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றின் மீதும் உரிமை இருக்கும்போது அந்த உரிமையால் எவருக்கும் பயனில்லை, ஆகையால் அதை இறையாண்மையாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறார். இருந்தும், நியாயமாகத் தண்டிக்கப்பட்டவன்கூடத் தன்னைக் கொல்ல வருபவரை எதிர்க்கலாம் என்று ஒரு மிச்சத்தை அவர் விட்டுவைப்பதைப் பலர் கவனிப்பதில்லை. லாக்கின் உரிமையோ கடமையோடு சேர்ந்தே பிறக்கிறது: உயிர், உடல்நலம், சுதந்திரம், உடைமை ஆகியவற்றில் பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்ற இயற்கைச் சட்டம் அரசுக்கு முந்தையது. எனவே அரசு நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மட்டுமே. அந்த நம்பிக்கையை அது மீறினால் மக்கள் அதை மாற்றலாம். (இயற்கை மனிதன் என்ற பெயரில் சமூகத்தில் வாழ்ந்து கெட்ட மனிதனையே இவர்கள் வரைந்துவிட்டார்கள் என்று 1755இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவவாதி ரூசோ தொடுத்த குற்றச்சாட்டு தனிப் பதிலுக்கு உரியது.)

அரசின் வரம்பு பற்றி நான் லாக்கின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் அவரைப் படிப்போர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராகப் பணியாற்றிய அவர், 1669இல் அதற்கென உருவான அரசியல் சாசனத்தின் ஆக்கத்தில் பங்குகொண்டவர். கறுப்பின அடிமைகள் மீது சுதந்திரக் குடிமக்களுக்கு முழு அதிகாரம் உண்டு என்று அந்தச் சாசனம் விதித்தது. அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் அவர் பங்கு வாங்கியிருந்தார். அதே லாக்தான், நியாயமான போரில் வென்றவனுக்குக்கூடத் தோற்றவர்களின் பிள்ளைகள் மீது எந்த அதிகாரமும் இல்லை, அவர்கள் சுதந்திரமானவர்கள் என்று இரண்டாம் ஆய்வுரையின் 16ஆம் அத்தியாயத்தில் எழுதினார். பிறப்பால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொடர்ந்த அமெரிக்க அடிமைமுறைக்கு அந்த அத்தியாயத்தில் ஓர் இடமும் இல்லை.