லாரி விபத்தை இன்சூரன்ஸுக்கு எப்போது சொல்ல வேண்டும்?
பத்து லாரி ஓட்டுகிறேன், விபத்தானால் பட்டறையில் விட்டபிறகு சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, வண்டியை நகர்த்தும் முன்பே சொல்லிவிடுங்கள். லாரிக்கு ஸ்பாட் சர்வே உண்டு, அதாவது இன்சூரன்ஸ் சர்வேயர் விபத்து நடந்த இடத்துக்கே வந்து சேதத்தைப் பார்ப்பார். நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலையில் இடிபட்டு நின்ற எங்கள் வண்டியை சர்வேயர் வருமுன் இழுத்துப் போய்விட்டோம், எது இதில் உடைந்தது, எது பழசு என்ற பேச்சு வந்து ரேடியேட்டர் பணம் கடைசிவரை வரவே இல்லை. போலீஸ் நகர்த்தச் சொன்னால் நம்பர் பிளேட்டும் டயர் தடமும் கிலோமீட்டர் கல்லும் தெரிய டிரைவர் போட்டோ எடுக்கட்டும். ஆளுக்கு அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையம், மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2011-லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை விட்டது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாலிசி எண்ணை இன்றைக்கே ஒவ்வொரு கேபினிலும் ஒட்டிவையுங்கள்.