மரத்துல செதுக்குற டிகாய் வாத்துக்கு ஏன் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்?

டிகாய்னா தண்ணியில மிதக்கவிடுற பொம்மை வாத்து, பறந்து போற நிஜ வாத்தை கீழ இறக்க வேட்டைக்காரங்க வைக்கிறது. அமெரிக்காவுல மேரிலாந்து, செசபீக் விரிகுடா பக்கம் வீட்டு ஷெட்லயே சீடர்ங்கிற மரக்கட்டையில செதுக்குற ஆளுங்க இப்பவும் உண்டு. கூட்டமா இருக்குற ஹோட்டல்ல நாமளும் நம்பி நுழையுறோம்ல, அப்படித்தான், கீழ நாலு வாத்து நிம்மதியா உக்காந்திருந்தா இரை இருக்கு, ஆபத்து இல்லைன்னு மேல போறதும் இறங்கிடும். ஆனா மல்லார்டுங்கிற வாத்து இனத்துல ஆணோட பச்சைத் தலை மாதிரி சில இடம் மினுங்குறதை விட்டா நிஜ இறகு பெருசா பளபளக்காது, வார்னிஷ் அடிச்சா ஈரத்துல வெயில் பட்டு மின்னும், வாத்து சந்தேகப்பட்டு திரும்பிடும், அதான் மேட். அடியில ஈயத்துண்டு வேற வைப்பாங்க, அலை கவுத்தாலும் தானா நிமிரணும்ல.

ஒவ்வொரு இறகா சூட்டுக்கோல்ல கோடு இழைச்சாதான் வாத்து வரும்னு நினைக்காதீங்க, அந்த நுணுக்கமெல்லாம் போட்டிக்கும் ஷோகேஸுக்கும்தான், தூரத்துல இருந்து வாத்து கண்ணுக்கு உருவமும் கலர் திட்டும்தான் தெரியும்.